மனையின் நான்கு கற்கள்

என் அக்காவின் கிரயப் பத்திரத்தில் மனையின் அளவு இப்படி இருக்கிறது: வடபுறம் கிழமேல் 30 அடி, தென்புறம் கிழமேல் 30 அடி, கீழ்புறம் தென்வடல் 40 அடி, மேல்புறம் தென்வடல் 40 அடி, ஆக 1,200 சதுர அடி. வடக்கே 30 அடிச் சாலை, கிழக்கே ஏழாம் நம்பர் மனை, மேற்கே ஒன்பதாம் நம்பர் மனை, தெற்கே வேறொருவரின் வயல். படிக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. வானம் தோண்ட நாள் பார்த்துக் கொத்தனாரை அழைத்துப்போன அன்றுதான் சிக்கல் புரிந்தது. 30 அடி சரி, எங்கிருந்து 30 அடி?

மனையை விற்றபோது நான்கு மூலையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்து எண் எழுதிய கருங்கற்கள் நின்றன. பிறகு சாலைக்குக் கிராவல் கொட்டினார்கள், பொக்லைன் முன்னும் பின்னும் ஓடியது. முன்பக்கக் கற்கள் இரண்டையும் காணோம். பின்பக்கத்தில் ஒன்று சாய்ந்து கிடந்தது. நான்காவது நேராக நின்றாலும், அதை மட்டும் எப்படி நம்புவது? கொத்தனார் ஏழாம் மனைக்காரரின் காம்பவுண்டுச் சுவரைக் காட்டி, "அங்கேருந்து நூல் பிடிச்சுக்கலாம்மா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். உண்மைதான், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்ற நில அளவர் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தாள்.

அவர் கையில் புல வரைபடத்தின் நகல், 30 மீட்டர் எஃகு டேப், ஒரு கடப்பாரை. வந்தவர் மனையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாய்க்கால் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"சார், மனை இந்தப் பக்கம்" என்றாள் அக்கா.

"தெரியும்மா. உங்க மனை எந்த வயல்லேருந்து வந்துச்சோ, அந்த வயலோட கல்லத்தான் மொதல்ல பாக்கணும். பக்கத்து மனைலேருந்து அளந்தா, அவங்க தப்பும் சேந்து உங்க வீட்டுக்கு வந்துடும்."

நில அளவை நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் ஒரு விதியை அவர் நடந்துகொண்டே சொல்லிவிட்டார். முழுமையிலிருந்து பகுதிக்குப் போக வேண்டும், பகுதிகளை ஒட்டவைத்து முழுமையைக் கட்டக் கூடாது.

ஒரு புதிய மனைப்பிரிவு வானத்திலிருந்து விழுவதில்லை. அது நேற்றுவரை ஒரு சர்வே நம்பர், அதாவது ஒரு புலம். அந்தப் புலத்தின் மூலைகளிலும் வளைவுகளிலும் அரசு நட்ட கற்கள் இருக்கின்றன, அல்லது இருந்தன. கற்களுக்கிடையே என்ன தூரம் என்பது எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்லும் புல வரைபடத்தில் இருக்கிறது. அதை வாங்கிப் பார்த்தவர்கள் நிலத்தின் ஓரக் கோடுகளோடு, புலத்துக்குக் குறுக்கே கல்லிலிருந்து கல்லுக்கு ஓடும் கோடுகளையும் கவனித்திருப்பார்கள். அளவர்கள் அதை ஜி லைன் என்பார்கள். வேலை நடப்பதே அந்தக் கோட்டில்தான். இரண்டு கற்களுக்கிடையே நேர்கோட்டில் அளந்துகொண்டே போய், நடுவில் ஓர் இடத்தில் நின்று, அங்கிருந்து சரியான செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பி, எல்லையின் வளைவுவரை எவ்வளவு தூரம் என்று குறிப்பார்கள். பக்கவாட்டில் எடுக்கும் இந்த அளவுக்கு ஆஃப்செட் என்று பெயர். வளைந்து நெளிந்த எந்த வயலையும் இப்படி முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் வெட்டிவிடலாம். மூன்று பக்க நீளம் தெரிந்தால் முக்கோணத்தின் வடிவம் மாறவே முடியாது. நான்கு பக்கம் மட்டும் தெரிந்த உருவத்தையோ, கட்டில் சட்டத்தைத் தள்ளிச் சாய்ப்பதுபோலச் சாய்த்துவிடலாம். குறுக்குக்கோடு போட்டால்தான் அது அசையாமல் நிற்கும்.

பழைய அளவைகள் சங்கிலியில் நடந்தவை. எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 17-ஆம் நூற்றாண்டில் வகுத்த சங்கிலிக்கு நீளம் 66 அடி, அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணியைத்தான் நம் ஊரில் லிங்க்ஸ் என்கிறோம். 66 ஏன் என்று நானும் பள்ளியில் குழம்பியிருக்கிறேன். பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர், அதனால்தான். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த வினோதமான எண்ணுக்குப் பின்னால் இருப்பது சரியாக 1,000 சதுர லிங்க்ஸ். இந்த வேலைக்கு ஆள் தயார்செய்ய 1794-ல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் வளர்ந்து இன்று கிண்டி பொறியியல் கல்லூரியாக நிற்கிறது.

வாய்க்கால் கரைக்கு வருவோம். வரைபடத்தின்படி கல் இருக்க வேண்டிய இடத்தில் சீமைக்கருவேல்தான் இருந்தது. அளவர் புதரை ஒதுக்கி, கடப்பாரையை மெல்ல இறக்கினார். மண்ணில் இறங்கினால் ஒரு சத்தம், ஓட்டாஞ்சில்லில் பட்டால் வேறு சத்தம். ஏழெட்டு இடத்தில் குத்திப் பார்த்தபின், இரண்டடி ஆழத்தில் 'ணங்' என்று கேட்டது. கையால் மண்ணை வாரினோம். வாய்க்கால் தூர்வாரிய சேறு வருஷா வருஷம் கரையில் ஏறி, கல்லை மூடிவிட்டிருந்தது. தலையில் வெட்டிய குறி இன்னும் விரலுக்குத் தட்டுப்பட்டது. அக்காவின் மகன் அந்தக் குறியில் விரலை வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஒரு கல் கிடைத்தால் போதாது, அது இடம் மாறாத கல்தான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். புலத்தின் தென்கிழக்கு மூலையில் இரண்டாவது கல் எளிதில் கிடைத்தது. வரைபடத்தில் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் 163.4 மீட்டர். நாங்கள் அளந்ததில் 163.2. சங்கிலியில் அளந்து, பிறகு மீட்டருக்கு மாற்றிய தூரம் இவ்வளவு ஒத்துப்போனால் இரண்டு கற்களும் நகரவில்லை என்று நம்பலாம் என்றார் அளவர். மூன்றாவது கல்லுக்கும் ஒரு குறுக்களவு எடுத்துச் சரிபார்த்த பிறகுதான் பையிலிருந்து லேஅவுட் வரைபடத்தையே எடுத்தார்.

இனி பகுதிக்கு வரலாம். ஒரு வரிசையில் 20 மனைகள், ஒவ்வொன்றும் 30 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனையை அளந்து முளைக்குச்சி அடித்து, அந்த முளையிலிருந்து அடுத்ததை அளந்து, இப்படியே போனால் என்ன ஆகும்? ஒவ்வொரு முறையும் அரை அங்குலம் பிசகலாம். ஒருமுறை கூடுதலாகவும் மறுமுறை குறைவாகவும் பிசகினால் பிழைகள் ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிடும், கடைசியில் இரண்டு அங்குலம்போல மிஞ்சும். டேப்பே நீண்டுபோனதாக இருந்தால் எல்லாப் பிழையும் ஒரே பக்கம் சேரும், கடைசி மனைக்காரருக்கு 10 அங்குலம் இல்லாமல் போகும். விவரம் தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். முதலில் 600 அடியையும் இரண்டு உறுதியான கற்களுக்கு நடுவே அளந்து, முடிவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருபதாகப் பிரிப்பார். மிஞ்சும் பிழை எல்லோருக்கும் சிறிது சிறிதாகப் பங்காகும், ஒருவர் தலையில் விழாது.

டேப்பை அளவுக்கு மேல் நம்பாமலிருப்பதும் நல்லது. எஃகு டேப் 20 டிகிரி வெப்பத்துக்குச் சரிபார்த்துச் செய்யப்படுவது. சித்திரை வெயிலில் அது 45 டிகிரிக்குச் சூடேறினால் 30 மீட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் நீளும். அதைவிடப் பெரிய பிழை சரிவில் வரும். பத்துக்கு ஒன்று சரியும் தரையோடு டேப்பைப் படியவிட்டு 30 மீட்டர் அளந்தால், கிடைமட்டத்தில் கிடைப்பது 29.85 மீட்டர்தான். பத்திரத்தில் உள்ள தூரம் கிடைமட்டத் தூரம். ஆகவே டேப்பை மட்டமாகத் தூக்கிப் பிடித்து, தொய்வில்லாமல் இழுத்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளக்க வேண்டும்.

மூலைவிட்டம் என்ற எளிய சோதனையை மனை வாங்கும் ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. 30-க்கு 40 மனையின் மூலைவிட்டம் சரியாக 50 அடி, கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் மூன்று-நான்கு-ஐந்து கணக்கின் பத்து மடங்கு. இப்போது மனை இரண்டே டிகிரி சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். நான்கு பக்கமும் அளந்தால் 30, 40, 30, 40 என்றுதான் வரும். பரப்பும் 1,199 சதுர அடிக்குக் குறையாது. பத்திரத்தோடு ஒப்பிட்டால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் பின்பக்க மூலைகள் இரண்டும் 1 அடி 5 அங்குலம் ஒரே பக்கமாகத் தள்ளிப் போயிருக்கும், அதில் ஒன்று பக்கத்து மனைக்குள் விழுந்திருக்கும். மூலைவிட்டங்களை அளந்தால் ஒன்று 50 அடி 10 அங்குலம், இன்னொன்று 49 அடி 2 அங்குலம் என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். பரப்பு மறைத்ததை மூலைவிட்டம் சொல்லிவிடுகிறது.

அக்காவின் மனையில் மூலைவிட்டக் கோளாறு இல்லை. இருந்த கோளாறு வேறு. லேஅவுட் வரைபடத்தின்படி அந்த வரிசை மனைகளின் பின்பக்கக் கோடு, புலத்தின் தென் எல்லைதான், அதாவது நாங்கள் கண்டெடுத்த இரண்டு கற்களையும் சேர்க்கும் நேர்கோடு. கல் போட்டவர்களோ அந்தக் கற்களைத் தேடவே இல்லை. பக்கத்து வயலின் கம்பி வேலியை எல்லையாக எடுத்துக்கொண்டு அங்கிருந்து 40 அடி அளந்துவிட்டார்கள். வேலி நடுவில் ஒன்றேகால் அடி வடக்கே பிதுங்கியிருந்தது. எனவே அவள் மனையும் அக்கம்பக்கத்து மனைகளும் அப்படியே ஒன்றேகால் அடி வடக்கே நகர்ந்திருந்தன. யாருக்கும் நிலம் குறையவில்லை. குறைந்தது சாலைக்கு.

அங்கேதான் எனக்கு மனம் கனத்தது. மனைப்பிரிவு முழுவதிலும் யாருமே டேப் பிடித்து அளக்காத இடம் சாலை. மனைக்காரர் ஒவ்வொருவரும் தன் 30-க்கு 40 சரியா என்று பார்ப்பார், பிழை எல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத இடத்துக்குப் போய்ச் சேரும். அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய மனைப்பிரிவுகளில் 10 சதவீத இடம் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் 'பூங்கா' என்று இருக்கும். அந்தப் பூங்காவின் மூலைக்கற்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பத்து வருஷத்தில் ஒரு பக்கம் மாட்டுக் கொட்டகை, இன்னொரு பக்கம் யாரோ ஒருவரின் கார் ஷெட். ஆக்கிரமிப்பை அகற்றப் போனால் முதல் கேள்வி, எல்லை எங்கே என்பதுதான். கல் இல்லாத பூங்கா காகிதத்தில் மட்டும் பூங்கா.

சட்டம் கல்லைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 1923-ஆம் ஆண்டு நில அளவை, எல்லைகள் சட்டம், தன் நில எல்லையில் உள்ள சர்வே கற்களைப் பராமரிப்பதும் பழுதுபார்ப்பதும் பதிவுபெற்ற நில உடைமையாளரின் கடமை என்கிறது. அரசு அதிகாரத்தில் நடப்பட்ட எல்லைக்குறியை அழித்தாலோ நகர்த்தினாலோ ஓராண்டு வரை சிறை என்று 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவு வகுத்தது. 'அரசு அதிகாரத்தில் நடப்பட்ட' என்ற சொற்களைக் கவனியுங்கள். புரோமோட்டர் நட்டு மஞ்சள் அடித்த கல்லுக்கு அந்தக் கவசம் கிடையாது. மனை விற்றுப் பல வருஷம் ஆன பிறகும், வருவாய்த் துறையின் வரைபடத்தில் அந்தப் புலம் பழைய வயலாகவே கிடப்பதும் உண்டு. பட்டா மாற்றி உட்பிரிவு செய்தால்தான் மனைக்கு எண் கிடைக்கும், அளவுகள் புல வரைபடத்தில் ஏறும். அதுவரை அந்த மனையின் இடம் நான்கு கற்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. கிராவல் லாரி வந்துபோகும் ஒரு பொழுதில் அந்த நினைவு அழிந்துவிடும். கரிசல் மண்ணாக இருந்தால் லாரிகூட வேண்டாம். மழைக்கு உப்பி, கோடைக்கு வெடித்து, மேலாக நட்ட கல்லை அந்த மண்ணே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துவிடும்.

கல் தொலையும் என்பது நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. சோழர் காலத்தில் நிலதானம் கொடுக்கும்போது ஒரு பெண் யானையை எல்லை நெடுக நடத்தி, ஊர்ப் பெரியவர்கள் பின்னால் நடந்து, அந்த வழியில் கல்லோடு கள்ளியையும் சேர்த்து நட்டார்கள். செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. சிவன் கோயில் நிலமென்றால் கல்லில் சூலம், பெருமாள் கோயில் நிலமென்றால் ஆழி. கள்ளி எதற்கு என்று யோசித்தால் அந்த ஏற்பாட்டின் நுட்பம் புரிகிறது. கள்ளியை மாடு கடிக்காது, அதன் பால் அப்படி. ஒரு துண்டு விழுந்தாலும் வேர்பிடிக்கும். கல்லை ஓர் இரவில் பெயர்த்து நகர்த்திவிடலாம், வேரோடிய கள்ளி வரிசையை ஓர் இரவில் நகர்த்த முடியாது. யானை நடந்ததை ஊரே பார்த்திருக்கும், பார்த்த சிறுவர்கள் கிழவர்களாகும்வரை சொல்வார்கள். கல், செடி, மனிதர் என்று ஒரே எல்லைக்கு மூன்று விதமான சாட்சிகள்.

இப்போது செயற்கைக்கோள் இருக்கிறதே, கல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசியில் மனையின் மேல் நீலப்புள்ளி விழுவதைக் காட்டி எல்லை பேசுகிறார்கள். ஒளி ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய ஓர் அடி ஓடிவிடும். செயற்கைக்கோள் சமிக்ஞை வளிமண்டலத்தில் சிறிது தாமதித்தாலும் கணக்கு அடிக்கணக்கில் புரளும். கைபேசி திறந்த வெளியில்கூட மூன்று, நான்கு மீட்டர் தவறலாம். 30 அடி மனையில் அது மூன்றில் ஒரு பங்கு. அளவர்கள் கொண்டுவரும் டி.ஜி.பி.எஸ். கருவி வேறு மாதிரி. இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு புள்ளியில் ஒரு கருவி நிலையாக நிற்கும். தன் உண்மையான இடத்துக்கும் செயற்கைக்கோள் சொல்லும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அது நொடிக்கு நொடி கண்டுபிடித்துச் சொல்ல, கையிலுள்ள கருவி அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளும். சுமார் 19 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த ரேடியோ அலையின் ஒரு சிறு பின்னத்தையும் அளந்துவிடுவதால் பிழை ஓரிரு சென்டிமீட்டருக்குள் வந்துவிடுகிறது. அரும் சாதனை இது. புதிய மனைப்பிரிவு ஒவ்வொன்றின் மூலைக்கும் இந்த அளவு எடுத்துப் பதிவில் வைக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நாம் நிற்கும் இந்தியத் தட்டு, உலகம் தழுவிய ஆயத்தொலைக் கணக்கில், ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டே இருக்கிறது. 20 ஆண்டில் ஒரு மீட்டர். இன்று ஒரு கல்லின் எண்ணைக் குறித்துவைத்து, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதாமல் விட்டால், நம் பிள்ளைகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து மனையில் நிற்பார்கள். கற்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. வாய்க்கால் கல்லும் தென்கிழக்குக் கல்லும் அக்காவின் மனையும் வயலும் ஒரே தட்டில் சேர்ந்தே பயணம் போகின்றன. இரண்டு கற்களுக்கும் இடையே உள்ள 163 மீட்டர் அப்படியே இருக்கிறது.

அதனால்தான் மனை வாங்குபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: கல்லைப் பாருங்கள், அந்தக் கல் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள். லேஅவுட் வரைபடத்தில் பழைய புலக் கற்களிலிருந்து தூரம் போட்டிருக்கிறதா? அந்தப் புலக் கற்கள் தரையில் இன்னும் இருக்கின்றனவா? இதைப் பதிவுக்கு முன்னால் கேட்டால் ஒரு காலை நேரம் செலவு. வீடு எழும்பிய பிறகு கேட்டால் நீதிமன்றத்தில் வருஷங்கள் செலவு.

அளவர் மத்தியானத்துக்குள் நான்கு மூலைக்கும் முளை அடித்துவிட்டார். தெற்கு முளைகள் இரண்டும் வேலிக்கு அப்பால் வயலுக்குள் விழுந்தன. வயற்காரர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை வரும் என்று நான் பயந்தேன். அவர் வாய்க்கால் கல்லருகே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"எங்கப்பா இந்தக் கல்லப் பத்திச் சொல்லுவாரு. நான் இருக்கறத பார்த்ததில்ல. அறுப்பு முடியட்டும்மா, வேலியத் தள்ளிப் போட்டுக்கறேன்" என்றார்.

சொன்னபடியே தை பிறந்ததும் வேலியை நகர்த்தினார். அதன் பிறகுதான் கல் நட்டோம். குழியின் அடியில் ஒரு கம்பித் துண்டைச் செங்குத்தாக இறக்கினார் அளவர். கல்லே போனாலும் உலோகம் கண்டறியும் கருவி அதைக் காட்டும் என்றார். கரித்துண்டுகள் ஒரு கை போட்டார், கரி மக்காது. மேலே கல்லை நிறுத்தி, சுற்றிலும் ஜல்லி போட்டு இடித்து இறுக்கினார். பிறகு அக்கா மகனை டேப்பின் முனையைப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு கல்லிலிருந்தும் மூன்று தூரம் எடுத்தார்: தெருமுனை மின்கம்பத்துக்கு, வயற்காரரின் கிணற்றுக் கைப்பிடிச் சுவருக்கு, வாய்க்கால் கல்லுக்கு. தேதி போட்டு, பத்திர நகலின் பின்புறத்தில் அவனையே எழுதச் சொன்னார். அவன் கையெழுத்துக் கொஞ்சம் கோணல். எண்களை அவர் இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்தார்.